கத்திரி வெயிலும் கிரிம்பிங் மெஷினும்

காரில் ஏசி பழுதாவதற்கு வருஷத்தில் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. ஆனால் மயிலாப்பூர் வண்டிகள் அதற்குக் கத்திரி நாளைத்தான் பார்த்து வைத்திருக்கும். மார்கழியில் ஏசி போனால் யார் கவனிக்கப் போகிறார்கள்? என் வண்டியும் மே மாதத்து நண்பகலில், லஸ் முனையில், மெட்ரோ ரயில் வேலைக்காக வைத்த தடுப்புகளுக்கு நடுவே, முன்னால் தண்ணீர் லாரியும் பின்னால் கல்யாண வேனும் நெருக்கி நிற்கும்போது குளிர்ச்சியை நிறுத்திக்கொண்டது. மனைவி தன் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுக்கு வெளியில அடிக்கிற காத்தே தேவலை" என்று கண்ணாடியை இறக்கினாள்.

வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வயதான காலத்தில் அதன் பெயரைக் கெடுப்பது முறையல்ல. அந்த மாடலை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. சர்வீஸ் சென்டரில் நன்றாகக் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, மிகுந்த மரியாதையோடு கைவிரித்தார்கள். "அந்த ஹோஸ் அஸெம்ப்ளி இப்ப வர்றதில்லை சார். எக்ஸ்சேஞ்ச்ல புது வண்டி ஏதாச்சும் பார்க்கறீங்களா?" மாட வீதியில் மல்லிகை வாங்குகிற அளவுக்கு ஒரு முழம் ரப்பர் குழாய் கேட்டேன், பதிலுக்கு ஐந்து வருஷத் தவணையில் ஒரு கார் தருகிறார்களாம்.

புதுப்பேட்டையில் எனக்கு ஒரு பாய் இருக்கிறார். தென்சென்னையில் பழைய கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் புதுப்பேட்டையில் ஒரு பாய் இருப்பார். கூவம் கரையில், எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே இருக்கும் அந்தப் பேட்டையில் கழற்றத் தெரியாத வண்டி என்று ஒன்று இன்னும் பிறக்கவில்லை. கதவு ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை, கியர் பாக்ஸ் ஒரு கடை என்று ஒரு முழுக் கார் ஒரு தெருவின் நீளத்துக்குப் பிரிந்து கிடக்கும்.

பாய் பானட்டைத் தூக்கினார். கருவி எதையும் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் ஏசி ஹோஸின் நுனியில் ஒரு சுற்று ஓட்டி எடுத்து என் முன்னால் நீட்டினார். விரலில் கன்னங்கரேலென்று பிசுக்கு. "கேஸ் சும்மா போவாது சார். கம்ப்ரஸர் ஆயிலையும் கூட்டிக்கினுதான் போவும். அந்த ஆயில்ல தூசி ஒட்டும். கறுப்பா எங்க வளையம் கட்டுதோ அங்கதான் லீக்." பிறகு விரலை என் வண்டியிலேயே துடைத்துவிட்டு, "ஹோஸ் நல்லாத்தான் இருக்கு. பிடிதான் விட்டுடுச்சு" என்றார்.

அந்தப் பிடியைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் பைத்தியம் பிடித்தது என்பது விளங்காது. ஏசி கம்ப்ரஸர் என்ஜினோடு பூட்டியிருக்கிறது, என்ஜின் குலுங்கும். கண்டென்ஸர் வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது, அது குலுங்காது. இரண்டையும் வெறும் அலுமினியக் குழாயால் இணைத்தால் சீக்கிரமே முறிந்துபோகும். அதனால் நடுவில் ஒரு ரப்பர் ஹோஸ். அதன் நுனியில் அலுமினிய நிப்பிளைச் செருகி, மேலே ஃபெரூல் என்ற உலோகத் தொப்பியை மாட்டி, அந்தத் தொப்பியைச் சுற்றிலும் சீராக நெரித்துவிடுகிறார்கள். அதுதான் கிரிம்பிங். திருகாணி கிடையாது, பசை கிடையாது, வெல்டிங் கிடையாது. டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடித்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறோம். கத்திரியில் சிக்னலில் நிற்கும் காரின் ஏசியில், அழுத்தம் கூடிய பக்கத்தில், அது 250ஐத் தாண்டும். அவ்வளவையும் தாங்குவது நெரித்த பிடி ஒன்றுதான்.

"எதுக்கு இத்தனை அமர்க்களம்? ஒரு ஹோஸ் கிளிப் போட்டுத் திருகிட்டாப் போறது" என்றார் மாடி வீட்டு மாமா. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ரயில் பெட்டி கட்டி ஓய்வு பெற்றவர். ரயில் பெட்டி கட்டினவருக்குக் கார் ஒரு பொருட்டே இல்லை. மாமா சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருகினால் இறுகுகிற அந்தக் கிளிப்பை 1921இல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் செய்தார். இன்றைக்கு ரேடியேட்டர் ஹோஸிலும், தோட்டத்துக் குழாயிலும், கேஸ் அடுப்பின் பின்னாலும் அவர்தான் இருக்கிறார். பழைய ஆர்-12 வாயு ஓடிய காலத்தில் கார் ஏசியிலேயே கிளிப் போட்டு ஓட்டியதுண்டு. அந்த ஆர்-12 ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று 1987இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி உடன்படிக்கை செய்து, படிப்படியாக அதற்கு விடைகொடுத்தன. பின்னால் வந்த ஆர்-134ஏ வாயு இன்னும் பொடிசு. சாதாரண ரப்பர் வழியாகவே நழுவிப் போய்விடும். அதனால் ஹோஸுக்குள்ளே நைலான் அடுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். முள் முள்ளாக இருக்கும் பழைய நிப்பிளை அதில் செருகினால் நைலான் கிழியும். ஆகவே ராபின்சனை இந்த வேலையில் மட்டும் சேர்த்துக்கொள்வதற்கில்லை. இதையெல்லாம் மாமாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ரெண்டு கிளிப் போட்டா?" என்றார்.

பாய் என்னை அழைத்துக்கொண்டு அடுத்த சந்தில் ஒரு கடைக்குப் போனார். கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு மேஜை, மேஜைமேல் கிரிம்பிங் மெஷின், அதன் பின்னால் இருபது வயதுப் பையன். கழற்றிய ஹோஸைப் பையன் வாங்கிப் பார்த்து, "எட்டு நம்பர்" என்றான். ஏசி ஹோஸெல்லாம் நம்பரில்தான் ஓடுகிறது: ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. ஆறு என்றால் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், எட்டு என்றால் 10, பத்து என்றால் 13. இந்தக் கணக்கை வைத்தவர் எங்கே படித்தாரோ.

பையன் முதலில் இரண்டு முனைகளுக்கும் நேராக சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தான். இரண்டு முனையும் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்ததோ அதே கோணத்தில் பொருத்தியாக வேண்டும். கொஞ்சம் திருகிப் போனாலும் வண்டியில் ஏறாது. புது ஹோஸை அளந்து, கத்தியால் ஒரே வெட்டில் செங்குத்தாக நறுக்கினான். நிப்பிளைக் கம்ப்ரஸர் ஆயிலில் முக்கிச் செருகினான். ஃபெரூலின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவில் ஒரு துளை; உள்ளே கறுப்பு ரப்பர் தெரிந்தால் ஹோஸ் கடைசி வரை போய்விட்டது என்று அர்த்தம். துளையை எனக்கும் காட்டினான். பிறகு இரண்டு பாதி டைகளுக்கு நடுவில் அதை வைத்துப் பிடியை நாலைந்து தடவை அமுக்கினான். சத்தமே இல்லை. திறந்தபோது ஃபெரூலில் மூன்று வளையம் பதிந்திருந்தது. வெர்னியரை வைத்து அளந்தான், தலையாட்டினான், "முந்நூறு" என்றான். கூட வாங்கிய டீ ஆறவில்லை.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். வண்டியில் ஹோஸை மாட்டி, வேக்குவம் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றி, உள்ளே ஊட்டிக் காற்று வந்ததும் பாய் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு வார்த்தை சொன்னார். "இன்னும் ரெண்டு ஹோஸ் கீது சார். அதுக்கும் இதே வயசுதான்."

அன்று இரவு முழுக்க அந்த மூன்று வளையம்தான் கண்ணில் நின்றது. இதை நாமே செய்தால் என்ன? இந்த ஊர்க்காரனுக்கு அது வராத வித்தையா? 1903இல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றையே கட்டி ஓட்டிக் காட்டினார். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு, வெள்ளைக்காரரிடம் வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்பப் பூட்டினார். அவர்கள் வீட்டில் யாரும், "முந்நூறு ரூபாய்க்கு வெளியில செஞ்சு தர்றாங்களே" என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம். என் வீட்டில் சொன்னார்கள்.

ரிச்சி தெருவில் போய்க் கிரிம்பிங் டூல் என்று கேட்டேன். வாய் மூடுவதற்குள் கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒயருக்கு முனை பிடிக்கிற குறடை நீட்டி, "எத்தனை வேணும்?" என்றார்கள். மின்சாமான் கடையில் கேபிளுக்கு லக் அமுக்குகிற குறடு கிடைத்தது. தி.நகர் பாண்டி பஜாரில், மனைவியோடு போன இடத்தில் அவளே ஆவலாக விசாரிக்க, கூந்தலைச் சுருள வைக்கிற சூடான இடுக்கி ஒன்று வந்தது. அதை அவள் வாங்கிக்கொண்டாள். அன்றைய வேட்டையில் பலன் கிடைத்தது அவளுக்கு மட்டும்தான்.

பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், பாரிமுனையில் லிங்கி செட்டித் தெரு, செம்புதாஸ் தெருப் பக்கமும் விசாரித்ததில் தெரிந்தது: வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கருவியில் மூன்று ஜாதி உண்டு.

முதலாவது, காது கிளாம்ப்புக்கான குறடு. கிளாம்ப்பின் முதுகில் காது மாதிரி புடைத்திருக்கும். அதைக் குறடால் கிள்ளினால் வளையம் இறுகும். சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஓட்டிக்கர் கொண்டுவந்த ஏற்பாடு. பெட்ரோல் ஹோஸ், டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் பூட் இவற்றுக்கெல்லாம் இதுதான். விலை கம்மி, இடம் அடைக்காது, தப்பாகக் கிள்ளினாலும் நஷ்டம் ஒரு கிளாம்ப்தான். வீட்டில் வண்டி நோண்டுகிறவர் எவரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இந்தக் காரணங்களாலேயே எனக்கு அதில் சுவாரசியம் ஏற்படவில்லை.

இரண்டாவது, வைஸில் மாட்டி, போல்ட்டை ஸ்பேனரால் திருகித் திருகி அமுக்குகிற கைக் கிரிம்பர். கருவி மலிவுதான், ஆனால் வைஸ் வேண்டும். வைஸுக்கு ஆடாத பெஞ்ச் வேண்டும். பெஞ்சுக்கு இடம் வேண்டும். மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட தரைப்பகுதி இரண்டு தூணுக்கு நடுவே ஒரு கார் அகலம். அதிலும் பாதி சம்ப் மூடி. மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது வண்டியையே வெளியில் எடுத்தாக வேண்டும், பெஞ்சை எங்கே எடுப்பது? சாப்பாட்டு மேஜையின் விளிம்பு வைஸுக்குச் சரியான கனத்தில் இருப்பதை அளந்து வைத்திருந்தேன். இஞ்சி டேப்பை மடக்குவதற்குள் அது தெரியக்கூடாத இடத்துக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது, கையால் பம்ப் செய்கிற ஹைட்ராலிக் கிரிம்பர். ஜாக்கி மாதிரி ஒரு பிடி, முனையில் தாடை, பெட்டிக்குள் ஜோடி ஜோடியாக டை. பெஞ்ச் வேண்டாம், ஹோஸைக் கழற்றாமல் வண்டியில் வைத்தேகூட அமுக்கலாம். விலை ஐந்து இலக்கம். முந்நூறால் வகுத்துப் பார்த்தால் வருகிற எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எத்தனை ஹோஸ் அமுக்கினால் காசு தேறும் என்று பார்த்துக் கருவி வாங்குகிறவர் கருவியே வாங்கமாட்டார்.

வாங்குமுன் பார்க்கவேண்டியது டைதான், மெஷின் அல்ல. இதைச் செம்புதாஸ் தெருப் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஒரே எட்டு நம்பரில் சாதாரண ஹோஸ் ஒன்று, சுற்று மெலிந்த ஹோஸ் ஒன்று என இரண்டு தினுசு உண்டு. உள்விட்டம் ஒன்றுதான், வெளிவிட்டம் வேறு. ஒன்றுக்கான ஃபெரூலை மற்றதில் மாட்டி அமுக்கினால் பார்வைக்கு லட்சணமாக இருக்கும். கேஸ் மறு மாதம் போய்விடும். குறைத்து அமுக்கினால் ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும், கூட்டி அமுக்கினால் உள் ரப்பர் அறுபடும். அதனால் வெர்னியர் இல்லாமல் கிரிம்பரைத் தொடக்கூடாது. "பிரேக் ஹோஸையும் இதுலயே பண்ணிடலாமா?" என்று கேட்டேன். பெரியவர் கல்லாவை மூடிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "வீட்டுல புள்ளைங்க இருக்கா?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. ஏசி ஹோஸ் பிடி விட்டால் வேர்க்கும். பிரேக் ஹோஸ் விட்டால் வேர்க்க நேரம் இருக்காது. அது கம்பெனியில் அமுக்கிச் சோதித்து வந்ததைத்தான் வாங்கி மாட்டவேண்டும்.

மச்சினன் டெக்சாஸில் இருக்கிறான். ஒவ்வொரு டிசம்பரும் கச்சேரிக்கு வருவான். அவன் வீட்டுக் கராஜில் நம் பார்க்கிங் இடம்போல் நாலு அடங்கும். கிரிம்பர் பற்றிப் பேச்சு வந்ததும், "அத்திம்பேர், இங்க நல்லதா கிடைக்கும், நான் எடுத்துண்டு வரேன்" என்றான். அக்காவுக்கு வழக்கமாக வருகிற பாதாம், பிஸ்தா, சென்ட் பாட்டில் எல்லாம் அந்த வருஷம் எடைக் கணக்கில் அடிபட்டுப் போயின. மீனம்பாக்கத்தில் பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத் திறக்கச் சொன்னாராம் அதிகாரி. கைப்பிடி வைத்த எஃகு உருளை, பக்கத்தில் வரிசையாக இரும்புத் துண்டுகள். இன்னது என்று மச்சினன் விளக்கவும் அவர் முகம் மலர்ந்து, "என் வண்டியிலயும் கூலிங் பத்தல. இதை வச்சா சரியாயிடுமா?" என்று கேட்டாராம்.

மனைவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தம்பி என்பதால் நான் தப்பித்தேன்.

ஏசியே தேவைப்படாத மாதங்களில் பயிற்சி எடுத்தேன். புதுப்பேட்டையிலிருந்து வெட்டுத் துண்டு ஹோஸ்களும் ஃபெரூல்களும் கிலோக் கணக்கில் வந்தன. சாக்பீஸ் அழிந்துபோகிறது என்று கோண அடையாளத்துக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தேன். நெரிப்பில் பிசகாமல் அப்படியே நிற்கிறது. புதுப்பேட்டை இன்னும் இதைக் கண்டுகொள்ளாதது அதன் நஷ்டம். மாடி மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அசோசியேஷன் செக்ரட்டரி தோட்டத்துக் குழாயைக் கொண்டுவந்தார், அமுக்கிக் கொடுத்தேன். இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் சமையல் கேஸ் டியூபைக் கொண்டுவந்தார். வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். எனக்கும் செம்புதாஸ் தெரு மூலம் கொஞ்சம் ஞானம் வந்திருந்தது.

பாய் வாக்குப் பலித்தது. மறு ஏப்ரலில் பத்து நம்பர், அதாவது கம்ப்ரஸருக்குத் திரும்பி வருகிற தடித்த ஹோஸ், கறுப்பு வளையம் கட்டியது. திறந்த ஏசிக்குள் சென்னைக் காற்றின் ஈரம் புகுந்தால், அது ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். வேக்குவம் பம்ப்பும் கேஸும் பாயிடம்தான். எனவே அவரை வீட்டுக்கே வரவழைத்தேன். வந்தவர் என் மெஷினைப் பார்த்தார். கையில் எடுத்து எடை பார்த்தார். பிடியை இரண்டு தடவை வெறுமனே அமுக்கினார். டை ஒன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்த இடத்தில்கூட அவர் இவ்வளவு நேரம் பார்த்திருக்கமாட்டார். "நீங்க தள்ளுங்க சார், இது ஓரமா கீது, உங்களுக்குக் குனிய வராது" என்று அவரே குனிந்து அமுக்கி முடித்தார்.

பில்லில் ஹோஸ், ஓ-ரிங், கேஸ் எல்லாம் எழுதி, கீழே பிரஸ்ஸிங் சார்ஜ் முந்நூறு என்றும் இருந்தது.

"பாய், மெஷின் என்னோடதாச்சே?"

"அதான் சார் முந்நூறு. இல்லாங்காட்டி வூட்டுக்கு வந்து போடறதுக்கு ஐந்நூறு."

பணத்தை வாங்கி மடித்துக்கொண்டு, பெசன்ட் நகரில் ஒரு பார்ட்டி வண்டி இருக்கிறது, கடல் காற்றில் கண்டென்ஸரெல்லாம் உளுத்துப் போயிருக்கிறது, வண்டியை நகர்த்தக்கூட முடியாது, இந்த மெஷினை ஒரே ஒரு நாள் கொடுத்தால் ஸ்பாட்டிலேயே முடித்துவிடலாம் என்றார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஆராதிப்பதாக இருந்த மெஷின். முகதாட்சண்யத்துக்குக் கொடுத்தேன். கொடுக்குமுன் உள்ளே எடுத்துப் போய்ப் பெட்டியைத் துடைக்கிறேன் என்று சொல்லி, எட்டு நம்பர் டை ஜோடியை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. "சார், பொட்டில எட்டு நம்பர் இல்லியே. அடையாறு பிரிட்ஜுல எங்கனா வுழுந்துடுச்சா?"

"விழலை பாய், வீட்டுல பத்திரமா இருக்கு. என் வண்டியில அந்த ஆறு நம்பர் ஹோஸ் லேசா பிசுபிசுங்குது. மெஷினை எடுத்துக்கிட்டு வந்து அதை ஒரு அமுக்கு அமுக்கிட்டு, எட்டு நம்பரை வாங்கிட்டுப் போயிடுங்க."

பாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பிரஸ்ஸிங் சார்ஜ்?" என்றார்.

நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.